வேரோடு விழுந்த பல்: குழியிலா, பாலிலா, கைக்குட்டையிலா?

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பையனின் வாயில் பந்து பட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் விழுந்தது. அவனுக்கு அப்போது 11 வயது. அவனுடைய பாட்டி பல்லைத் தேடி எடுத்து, குழாயடியில் ஒரு பழைய பிரஷ்ஷால் வேரைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன். முதல் இரண்டு கிளினிக்குகளும் பூட்டியிருந்தன. மூன்றாவதில் கதவு திறந்திருந்தபோது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. பொக்கிஷத்தைப் போலப் பாட்டி முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதைக் கொஞ்சம் பாலில் போட்டுக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்பதுதான்.

அந்த மாலையில் எங்கள் முன் எத்தனை வழிகள் இருந்தன, அவற்றில் எது மேலானது என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பின்னர் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை வைத்து அந்த வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எந்த மருத்துவர், எந்தச் சிகிச்சை என்பதையே நாம் பெரிய முடிவாக எண்ணுகிறோம். உண்மையில் பல்லின் கதியில் பெரும்பகுதி, மருத்துவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே, விழுந்த இடத்தில் நின்றவர் கையால் முடிவாகிவிடுகிறது.

அதற்குக் காரணம் வேரின் மேல் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வு. பல், தாடை எலும்பில் ஆணி போல அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் இரண்டையும் பிணைத்திருக்கின்றன. அடிபட்டுப் பல் வெளியே வரும்போது இந்த நார்கள் நடுவில் அறுபட்டு, ஒரு பாதி குழியிலும் மறுபாதி வேரிலும் தங்குகின்றன. வேரில் தங்கிய பாதியில் உள்ள செல்கள் உயிரோடிருந்தால், பல்லை மறுபடி பொருத்தும்போது இரு பாதிகளும் கூடிவிட வாய்ப்புண்டு. அவை காய்ந்து செத்துவிட்டால், உடல் அந்த வேரைப் பல்லாக மதிக்காமல் எலும்பின் ஒரு பகுதியாகவே கருதி, மெல்ல மெல்லக் கரைத்து அந்த இடத்தில் எலும்பை வளர்த்துவிடும். சர்வதேசப் பல் காயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இதை நேரக் கணக்காகவே பிரித்துச் சொல்கின்றன: ஏறக்குறைய 15 நிமிடங்களுக்குள் குழிக்குத் திரும்பிய பல்லில் செல்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும், தகுந்த திரவத்தில் வைக்கப்பட்டு, மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே காற்றில் காய்ந்த பல்லில் அவை நலிந்தாவது இருக்கலாம், 60 நிமிடங்களுக்கு மேல் உலர்ந்து கிடந்த பல்லில் அவை இறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். பாட்டி தேய்த்துக் கழுவியது அழுக்கை மட்டுமல்ல.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். விழுந்தது பால்பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது. பால்பல்லின் வேருக்கு அருகிலேயே நிலைப்பல்லின் மொட்டு வளர்ந்துகொண்டிருப்பதால், அழுத்தி வைக்கும் பல் அதைச் சேதப்படுத்தக்கூடும். தானாக விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்த நம் பழைய வழக்கம், அந்த மட்டில், தவறான திசையில் போகவில்லை. ஆனால் அடிபட்டு விழுந்த பால்பல்லுக்கும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பல் முழுதாக வெளியே வந்ததா, ஈறுக்குள் குத்திப் புதைந்துவிட்டதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். மேல் முன்பற்கள் இரண்டும் பொதுவாக 7 அல்லது 8 வயதில் நிலைப்பற்களாக முளைப்பதால், ஐந்து வயதுக் குழந்தையின் முன்பல்லைப் பால்பல் என்றும், பத்து வயதுப் பிள்ளையின் முன்பல்லை நிலைப்பல் என்றும் பெரும்பாலும் தைரியமாகக் கொள்ளலாம்.

நிலைப்பல் என்றால் முதல் வழி, விழுந்த இடத்திலேயே அதை அதன் குழியில் திரும்ப வைத்துவிடுவது. கேட்டவுடன் வயிற்றைக் கலக்குகிற யோசனை இதுதான்; மற்றெல்லா வழிகளையும்விட உயர்ந்த வழியும் இதுதான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பல் காயங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த யென்ஸ் ஓவெ ஆன்ட்ரியாசன், திரும்பப் பொருத்தப்பட்ட 400 நிலைப்பற்களைத் தொடர்ந்து கவனித்து 1995இல் எழுதிய ஆய்வுகளும், உடனடியாகக் குழிக்குத் திரும்பிய பற்களே நன்றாகப் பிழைத்தன என்றே காட்டின. செல்களுக்கு அவற்றின் சொந்த வீட்டைவிடச் சிறந்த திரவத்தை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

செய்முறை அச்சமூட்டும் அளவுக்குக் கடினமானதன்று. அடிபட்டவரை உட்காரவைத்து அமைதிப்படுத்திய பின், பல்லை அதன் வெள்ளைத் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மஞ்சள் நிறமாகக் கூராகத் தெரியும் வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைன் என்னும் மருத்துவ உப்புநீரிலோ, அவருடைய எச்சிலிலோ மெதுவாக அலசினால் போதும். சோப்பும் பிரஷ்ஷும் டெட்டாலும் அருகில் வரவே கூடாது. பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்புறம் எது பின்புறம் எது என்று சரிபார்த்துக்கொண்டு, விரலால் மெதுவாக அழுத்தினால், பெரும்பாலும் பல் தன் இடத்தை அடைந்துவிடும். பிறகு சுத்தமான கைக்குட்டையை மடித்து வாயில் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லி, அந்நிலையிலேயே பல்மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். கைக்குட்டைக்கு இந்த விவகாரத்தில் உள்ள ஒரே முறையான வேலை இதுவே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலி ஒன்று; ஆனால் அடிபட்ட முதல் சில நிமிடங்களில் அந்த இடம் ஓரளவு மரத்திருப்பதால், பலர் அஞ்சுகிற அளவுக்கு வலிப்பதில்லை. தப்பாகப் பொருத்திவிடுவோமோ என்ற பயம் இன்னொன்று. அப்படியே கோணலாக அமர்ந்தாலும் மருத்துவர் அதைத் திருத்திவிடுவார். செத்துப்போன செல்களை அவரால் திருத்த முடியாது. ஆகவே இந்த இரண்டு அச்சங்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் உண்மையான தடைகளும் உண்டு. தலையில் அடிபட்டு மயங்கியவருக்கும், தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கும் பல் இரண்டாம்பட்சம். பொருத்திய பல் கழன்று மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்தும் இருப்பதால், அவர்களை 108 வண்டியில் ஏற்றுவதே முதல் வேலை. நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குறைந்தவர்களுக்கும் தீவிர இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் பல்லைப் பொருத்தலாமா என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். விழுந்த பல் எங்கு தேடியும் கிடைக்காவிட்டால், அது உள்ளே போயிருக்கக்கூடும் என்று மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டும்.

குழந்தை வாயைத் திறக்கவே மறுக்கிறது, அல்லது பெரியவர்களுக்குக் கை நடுங்குகிறது என்றால், பல்லை ஈரமாகவே வைத்துக் கொண்டுசெல்வது அடுத்த வழி. எதில் வைப்பது என்பதில்தான் ஒப்பீடு சுவையாகிறது. இங்கே ஒரு திரவத்துக்கு வேண்டிய தகுதிகள் இரண்டு: அது செல்லுக்குள் நீரைத் திணிக்கவோ செல்லிலிருந்து நீரை உறிஞ்சவோ கூடாது, அதிகப் புளிப்பாகவும் இருக்கக்கூடாது. இந்தக் கணக்கில் முதலில் தோற்பது, நம் கை முதலில் நீளுகிற குழாய்த்தண்ணீர். அதில் உப்புச் செறிவு மிகக் குறைவு என்பதால் செல்கள் நீரை இழுத்து ஊதி வெடித்துவிடுகின்றன. காற்றில் காயவிடுவதைவிடத் தண்ணீர் தேவலை என்பதற்கு மேல் அதைப் புகழ முடியாது.

பாலின் செறிவு நம் உடற்திரவங்களுக்கு நெருக்கமானது. அதன் அமிலத்தன்மை நடுநிலையை ஒட்டியது. காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டு வருவதால் அதில் கிருமிகளும் குறைவு. இவற்றோடு, எந்தத் தெருமுனையிலும் பத்து நிமிடத்தில் கிடைக்கும் என்பதைச் சேர்த்தால், உலகெங்கும் வழிகாட்டுதல்கள் பாலை முன்வைப்பதன் காரணம் விளங்கும். நம் ஊர்ச் சூழலுக்கு ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும்: மூலைக்கடையில் 'பால்' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் டீக்கடைப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் பால். அது வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஆவின் பாக்கெட்டோ வேறெந்தப் பாக்கெட்டோ, ஓரத்தை வெட்டி ஒரு டம்ளரிலோ மூடியுள்ள டப்பாவிலோ ஊற்றி, வேர் முழுக்க மூழ்கும்படி பல்லைப் போட்டால் போதும். நீலப் பாக்கெட்டா பச்சைப் பாக்கெட்டா என்று நிற்க வேண்டாம். கொழுப்பின் அளவு இங்கே பொருட்டல்ல. சர்க்கரை போட்டதும் வாசனைப் பாலும் கூடாது.

மருந்துத்துறையில் ஹாங்க்ஸ் கரைசல் என்று அழைக்கப்படும், ஆய்வகங்களில் செல்களை வளர்க்கப் பயன்படும் உப்புக்கரைசல் பாலைவிடவும் நல்லது. சில நாடுகளில் அது பல் காக்கும் பெட்டியாகவே விற்கப்படுகிறது. ஆனால் விபத்து நடக்கும் இடத்தில் அது கையில் இருக்க வேண்டுமே. பள்ளி விளையாட்டு அறையிலோ பயிற்சி மையத்திலோ வாங்கிவைக்கலாம். வாங்கியதன் காலாவதித் தேதியை யாரேனும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், எனக்கு அந்த ஏற்பாட்டைவிட அடுத்த கடைப் பாலின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

எச்சில் மூன்றாமிடம். அதில் உப்புச் செறிவு குறைவு, கிருமிகள் அதிகம். ஆயினும் அரைமணி நேரப் பயணத்துக்குத் தண்ணீரைவிட மேலானது. பல்லைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு போகச் சொல்லும் பழைய அறிவுரையை, விழுங்கிவிடும் ஆபத்தை எண்ணி, சிறுவர்களுக்குச் சொல்லாமலிருப்பது நல்லது. அவர்களை ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். சலைன் பற்றி மட்டும் வழிகாட்டுதல்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. பல் காயவியல் சங்கம் அதைப் பட்டியலின் பின்வரிசையில் ஏற்கிறது. ஐரோப்பிய புத்துயிரூட்டல் மன்றத்தின் 2021ஆம் ஆண்டு முதலுதவி வழிகாட்டுதலோ அதைத் தவிர்க்கச் சொல்கிறது. செறிவு பொருந்தினாலும் செல்லுக்கு உணவாக அதில் ஒன்றுமில்லை என்பது அதன் குறை. பால் கிடைக்கிற இடத்தில் இந்தச் சர்ச்சைக்குள் நாம் இறங்கவேண்டியதில்லை.

அதே ஐரோப்பிய வழிகாட்டுதலில் தவிர்க்கவேண்டியவை என்று வரும் வரிசையைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியும் அடுப்படி அலமாரியும் நினைவுக்கு வந்தன: குழாய்த்தண்ணீர், மோர், விளக்கெண்ணெய், மஞ்சள் சாறு. காயம் என்றதும் மஞ்சளைத் தேடும் கை நம்முடையது. பல்லின் வேருக்கு அது உதவாது. மாறாக, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும், உணவைச் சுற்றிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் அந்த வழிகாட்டுதல் ஏற்கிறது. பிளாஸ்டிக் தாள் செல்களுக்கு எதையும் ஊட்டுவதில்லை, ஆனால் காயவிடுவதுமில்லை. கைக்குட்டை செய்யத் தவறியது அதைத்தான்.

இளநீரைப் பற்றிப் பலரும் கேட்பதால் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பல்மருத்துவ ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வக முடிவுகளில் இளநீர் பாலையும் ஹாங்க்ஸ் கரைசலையும் மிஞ்சியிருந்தது. அந்தச் செய்தி நம் ஊரில் நன்றாகப் பரவியும் இருக்கிறது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை. இளநீர் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது, அதுவும் காய்க்குக் காய் மாறக்கூடியது என்பது அதற்குப் பாதகமான செய்தி. தோப்பு நடுவே, பால்கடை இல்லாத இடத்தில் நின்றால் நான் இளநீரைத் தயங்காமல் பயன்படுத்துவேன். பால் எட்டும் தொலைவில் இருந்தால் இளநீரைக் குடித்துவிட்டுப் பாலில்தான் பல்லைப் போடுவேன்.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. ஊரின் சிறந்த மருத்துவரைவிட, இப்போது கதவைத் திறந்து வைத்திருக்கும் மருத்துவரே மேல். நாங்கள் செய்ததைப் போல வண்டியில் வாசல் வாசலாக அலையாமல், ஒருவர் பல்லைப் பார்த்துக்கொள்ளும்போதே இன்னொருவர் நான்கைந்து இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடலாம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தனியார் கிளினிக்குகள் கைவிட்டால், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ, அருகில் பல்மருத்துவக் கல்லூரி இருந்தால் அதையோ நாடலாம். இத்தகைய அலைச்சலுக்கு வாய்ப்பு அதிகம் என்பதும், பல்லை அங்கேயே குழியில் வைத்துவிடுவதற்குச் சாதகமான இன்னொரு காரணம்.

மருத்துவர் பல்லைச் சரியாக அமர்த்தி, 0.4 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய, வளையக்கூடிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரங்களுக்குக் கட்டிவைப்பார். குழியெலும்பும் முறிந்திருந்தால் நான்கு வாரங்கள். அந்த நாட்களில் பையனுக்கு இட்லியும் குழைந்த சோறும்தான் ஆகாரம். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள். வேர் முழுதாக வளர்ந்துவிட்ட பல்லுக்கு இரண்டு வாரங்களுக்குள் ரூட் கெனால் தொடங்கியாக வேண்டும். வேர்நுனி இன்னும் மூடாத சிறுபிள்ளைகளின் பல்லுக்கு மட்டும், உள்ளே ரத்த ஓட்டம் தானாகத் திரும்பும் வாய்ப்பு இருப்பதால், மருத்துவர் காத்திருந்து பார்ப்பார். கம்பியை எடுத்ததும் வேலை முடிந்ததாக எண்ணிப் போகாமல் விட்டுவிடுவது பரவலாக நடக்கிற தவறு; முதல் ஓராண்டில் பலமுறையும், பின்னர் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பல்லைக் காட்டிவர வேண்டும்.

எங்களைப் போல நேரத்தைத் தொலைத்துவிட்டு வருபவர்களுக்கு மிகக் கடினமான தேர்வு இனிமேல்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்த பல்லைத் திரும்பப் பொருத்துவதா, அல்லது இனி பயனில்லை என்று குழியை ஆறவிட்டுப் பின்னர் செயற்கைப் பல் வைப்பதா? எப்படியும் கரையப்போகிற வேருக்கு ஏன் இத்தனை பாடு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வழிகாட்டுதல்கள் இங்கேயும், ஏறக்குறைய எப்போதும், பொருத்துவதையே தேர்கின்றன. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வேர் கரைவது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. அத்தனை ஆண்டுகளும் பிள்ளை தன் சொந்தப் பல்லோடு சிரிக்கலாம். அதைவிட முக்கியமாக, பல் இருக்கும் வரை அதைச் சுற்றியுள்ள எலும்பின் அகலமும் உயரமும் காக்கப்படும். காலியான குழியின் எலும்பு சுருங்கத் தொடங்கிவிட்டால், பிற்காலத்தில் வைக்கும் எந்தச் செயற்கைப் பல்லுக்கும் அடித்தளம் குறைந்துபோகும்.

இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. அதை வளரும் பிள்ளைகளே கொடுக்கிறார்கள். எலும்போடு ஒட்டிப்போன பல் வளர்ச்சியில் சேராது. பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து கீழிறங்கி வளர, இது மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகத் தெரியும். வேறுபாடு பெரிதாகும் முன், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வேரை எலும்புக்குள்ளேயே கரையவிட்டு எலும்பைக் காக்கும் ஒரு முறை 1980களில் ஸ்வீடனில் உருவானது. அதன்பின் வளர்ச்சி முடியும் வரை கழற்றி மாட்டும் ஒற்றைப்பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பல்லோ இடத்தை நிரப்பும். பொருத்தமான பிள்ளைகளுக்கு, பற்கள் நெருக்கமாக இருப்பதால் எப்படியும் பிடுங்கவேண்டிய முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்து அந்தக் குழியில் நட்டு வளர்ப்பதும் உண்டு. கைதேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

பெரியவர்களுக்கு இந்த வளர்ச்சிச் சிக்கல் இல்லை. ஆகவே பல் நிலைக்காமல் போனால் அவர்கள் முன் நிற்பவை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட், பக்கத்துப் பற்களைப் பிடியாகக் கொண்டு நிற்கும் பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் என்ற மூன்றே. பிரிட்ஜுக்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கவேண்டும் என்பதால், அவை பழுதில்லாத பற்களாக இருந்தால் நான் இம்ப்ளான்ட்டின் பக்கம் சாய்வேன். ஏற்கெனவே கேப் போட்ட பற்கள் என்றால் பிரிட்ஜே சிக்கனம். பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட்டை எண்ணவே கூடாது. ஒட்டிப்போன பல்லைப் போலவே அந்தத் திருகும் வளர்ச்சியில் பின்தங்கும்.

எதிர்வீட்டுப் பையனுக்கு இப்போது 15 வயது. இரண்டு மணி நேரம் காய்ந்த அவனுடைய பல்லை அன்றிரவே மருத்துவர் பொருத்தினார். அது இன்றும் வாயில் இருக்கிறது. அவன் சிரிக்கும்போது உற்றுப் பார்த்தால் மட்டும், பக்கத்துப் பல்லைவிட ஒரு மயிரிழை மேலே நிற்பது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் அந்த இடைவெளியை அளக்கிறார். இன்னும் அரை மில்லிமீட்டர் கூடினால் தலைப்பகுதியை எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்று போனமுறை சொல்லியிருக்கிறார்.